மதுரைக்குள் ஜாம்பி வந்தால் எப்படித் தப்பிப்பது?

செத்த பிறகும் எழுந்து நடந்து, ஆட்களைக் கடித்து, கடிபட்டவரையும் தன்னைப் போலவே மாற்றிவிடுவதாகக் கதைகளில் வருவதுதான் ஜாம்பி. செத்த உடம்பில் ரத்தம் ஓடாது, தசை இயங்காது. அதனால் அப்படி ஒன்று வர வழியில்லை.

ஆனால் கடியால் பரவி மூளையைப் பிடிக்கும் நோய் நிஜமாகவே இருக்கிறது: ரேபிஸ், அதாவது வெறிநாய்க்கடி. செல்லூர்ச் சந்திலோ அண்ணாநகர்த் தெருவிலோ ராத்திரி நடந்து போகிறவர்கள் தற்காத்துக்கொள்ள வேண்டியது இதனிடமிருந்துதான்.

கிருமி நாயின் எச்சிலில் இருக்கும். கடிவாய் வழியாக நுழைந்து, நரம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மூளைக்கு ஏறும். பெரும்பாலும் வாரக்கணக்கில், சில நேரம் மாதக்கணக்கில் ஆகும். மாட்டுத்தாவணியில் பஸ் ஏறிய ஆளைப் பெரியார் நிலையம் சேர்வதற்குள் வழியிலேயே இறக்கிவிடுவது மாதிரி, மூளையைத் தொடும் முன்பே தடுப்பூசி அதை மடக்கிவிடும். அறிகுறி தெரிந்துவிட்டால் காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

சரி, கடித்துவிட்டது. உடனே குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். கிருமியின் மேலுறையில் கொழுப்பு இருக்கிறது, சோப்பு அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் காயத்தில் தடவவே கூடாது. அப்புறம் நேரே ராஜாஜி அரசு மருத்துவமனை, தடுப்பூசி இலவசம். காயம் ஆழமென்றால் கடிவாயைச் சுற்றியும் ஒரு மருந்து செலுத்துவார்கள்.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்: அது பழைய முறை, இப்போது கையில்தான், நான்கைந்து தவணைகளோடு முடிந்துவிடும்.