டீச்சரைக் கேளுங்கள்: ராகிக் குழியும் இரும்பு உலையும்

(தருமபுரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை, வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

டீச்சர், தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருக்கிறேன். ‘திறந்தவெளி வாழ்வியல் அருங்காட்சியகம்’ என்கிறார்களே, அது வேறா?
– கல்லூரி மாணவர், பாலக்கோடு

வேறுதான் தம்பி. ஆநிரை மீட்கப் போய் உயிர்விட்ட வீரனைப் பற்றி நடுகல் சொல்லும். அவன் அன்று காலையில் என்ன சாப்பிட்டுக் கிளம்பினான், அவன் மனைவி அந்தத் தானியத்தை எதில் அரைத்தாள் என்று சொல்லாது. இந்த வகை அருங்காட்சியகம் அதைத்தான் காட்டுகிறது. வீடு, தொழுவம், பட்டறை, தோட்டம் எல்லாம் இருக்கும். அடுப்பு எரியும், தறி ஓடும், அந்த வேலைகளைச் செய்ய ஆட்களும் இருப்பார்கள்.

1891இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் ஆர்தர் ஹசேலியஸ் தொடங்கிய ஸ்கான்சென்தான் இதற்கு முன்னோடி. தொழிற்சாலைகள் பெருகி, பழைய கிராம வாழ்க்கை கண்ணெதிரே மறைந்துகொண்டிருந்த காலம் அது. பல ஊர்ப் பண்ணை வீடுகளைப் பிரித்து எடுத்துவந்து மறுபடி நிறுத்தினார்.

நமக்குக் கிட்டத்தில் என்றால் சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ரா. செட்டிநாட்டு வணிகர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, கர்நாடகத்து இல்கல் நெசவாளர் வீடு எல்லாம் அங்கே உண்டு. ஒரு முழு நாள் ஒதுக்கிப் போய்வாருங்கள்.

நம் பக்கத்தில் பெரிய அரண்மனை ஏதும் இல்லையே அம்மா. இங்கே அப்படி ஒன்று அமைத்தால் எதைக் காட்டுவது?
– விவசாயி, காவேரிப்பட்டணம்

அரண்மனை வேண்டாம் ஐயா. என்னைக் கேட்டால் முதலில் ஒரு ராகிக் குழி வெட்டச் சொல்வேன்.

பென்னாகரம் பக்கம் என் பாட்டி வீட்டில் அது இருந்தது. தண்ணீர் ஊறாத மேட்டு நிலத்தில், இறுகிய மண்ணாகப் பார்த்து வெட்டுவார்கள். வாய் குறுகல், உள்ளே அகலம். அடியிலும் ஓரத்திலும் வைக்கோல் போட்டு, நன்றாகக் காய்ந்த ராகியைக் கொட்டி, வாயில் பலகைக்கல் வைத்து மண் பூசி மூடிவிடுவார்கள். மழை பொய்த்த வருடத்தில்தான் திறப்பது. திறந்த உடனே யாரையும் இறங்க விடமாட்டார் பாட்டி. கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார். விளக்கு அணைந்தால் காத்திருக்க வேண்டும்.

காரணம் எளிது. தானியமும் மூச்சு விடும். மூடிய குழிக்குள் ஆக்சிஜன் குறைந்து கரியமில வாயு நிறையும்போது பூச்சி பிழைக்காது, தானியம் கெடாது. அதே காற்றில் மனிதரும் பிழைக்க முடியாது.

இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் பகுதியில், 1972இல் பட்சர் என்ற ஆய்வுப் பண்ணை தொடங்கியது. பீட்டர் ரெனால்ட்ஸ் அங்கே இரும்புக்கால வட்டவடிவ வீடுகளைக் கட்டினார், அந்தக் காலத்துக் குழிகளைப் போலவே வெட்டித் தானியத்தைச் சேமித்தும் பார்த்தார். சரியாக மூடினால் தானியம் கெடுவதில்லை என்று பதிவு செய்தார். நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்த விஷயம்தான். அவர் அளந்து எழுதி வைத்தார், நாம் எழுதவில்லை. இது என்னை இன்னமும் வருத்துகிறது.

அப்புறம் இரும்பு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். ஏறத்தாழ 4,200 ஆண்டுகள்! அந்தச் செய்தியைப் படித்துப் பெருமைப்பட்டால் மட்டும் போதாது. களிமண்ணில் உலை கட்டி, கரியும் கனிமமும் மாறி மாறிப் போட்டு, துருத்தி ஊதிக் காட்ட வேண்டும். இரும்பு அதில் தண்ணீராக உருகி ஓடாது, சிட்டம் என்ற கசடு கலந்த கட்டியாக வரும். அதைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து அடித்துச் சிட்டத்தை வெளியேற்ற வேண்டும். ஒரு பையன் அரை மணி நேரம் துருத்தி மிதித்தால் போதும், ஓர் அரிவாளுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

மாடு பூட்டிக் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டிய பெரியவர்கள் உங்கள் ஊரில் இன்னும் ஓரிருவர் இருப்பார்கள். தோல் பறி நிறைந்துவிட்டதைக் கயிற்றின் இழுவையிலேயே கண்டு, மாடுகளைச் சரிவில் இறக்கி, மறுபடி பின்னுக்கு ஏற்றத் தெரிந்தவர்கள். கட்டடத்துக்கு வரைபடம் போடும் முன்னால் அவர்களைத் தேடுங்கள். வீட்டை எப்போது வேண்டுமானாலும் கட்டலாம், அந்தக் கைப்பழக்கம் போனால் வராது. கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாமல், மாதச் சம்பளம் கொடுத்து இளைஞர்களுக்குக் கற்றுத்தர வைக்க வேண்டும்.

வேஷம் கட்டிக்கொண்டு நடித்துக் காட்டுவது வரலாறு ஆகுமா?
– ஓசூர் வாசகர்

கசப்பானதையும் காட்டினால் ஆகும். அமெரிக்காவின் கொலோனியல் வில்லியம்ஸ்பர்க் 18ஆம் நூற்றாண்டு நகரம் ஒன்றை மீட்டமைத்த இடம். அந்த நகர மக்களில் பாதிப்பேருக்கு மேல் கறுப்பின மக்கள், பெரும்பாலும் அடிமைகள். ஆனால் பல பத்தாண்டுகள் அங்கே அவர்கள் கதை பெரிதாகச் சொல்லப்படவில்லை. 1994இல் அடிமை ஏலத்தை நடித்துக் காட்டியபோது எதிர்ப்பு கிளம்பியது. அந்தக் காட்சியை அமைத்தவர்களில் கறுப்பின ஊழியர்களும் இருந்தார்கள்.

நம் பக்கத்திலும் பெரிய வீட்டுத் திண்ணையை மட்டும் அழகாகக் கட்டி, ‘அந்தக் காலம் போல வருமா’ என்று பேசினால் அது பொய். அந்தத் திண்ணையில் ஏற முடியாதவர்கள் யார்? தனிக் குவளையில் யார் குடித்தார்கள்? விடிவதற்கு முன்னே எழுந்து திருகை சுற்றிய பெண்ணுக்கு எப்போது சோறு கிடைத்தது? இவையும் அதே முற்றத்தில் தெரிய வேண்டும். யாரை வைத்துச் சொல்ல வேண்டும் என்பதை அந்தக் குடும்பங்களிலிருந்து வந்தவர்களே முடிவு செய்யட்டும்.

தாத்தா காலத்து நாட்டு ஓட்டு வீட்டை இடிக்கிறோம். கதவையும் தூண்களையும் வியாபாரி விலை பேசிவிட்டார். மற்ற சாமான்களை என்ன செய்யலாம்?
– குடும்பத்தலைவி, ஊத்தங்கரை

எதையும் நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள் அம்மா. தானியம் கொட்டி வைக்கும் குதிர் எந்த மூலையில், உரல் எங்கே, விளக்கு மாடம் எந்தச் சுவரில் என்பது சாமான்களை வெளியே எடுத்த பிறகு யாருக்கும் தெரியாது. ஒரு தாளில் வீட்டை வரைந்து நீள அகலம், திசை எழுதுங்கள். ஓடு இறக்கும்போது உத்திரத்துக்கும் கைமரங்களுக்கும் வரிசையாகச் சாயத்தில் எண் போடச் சொல்லுங்கள். எண் இருந்தால்தான் பிரித்த வீட்டை வேறு இடத்தில் திரும்ப நிறுத்த முடியும், இல்லையென்றால் அது விறகுதான். வியாபாரியிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள்.

உங்கள் மாமியார் இருந்தால் திருகை முன்னால் உட்காரவைத்து, எதை எப்படி அரைத்தார், எந்தப் படியில் அளந்தார் என்று அவர் பேச்சிலேயே செல்போனில் பதிவு செய்யுங்கள். அதை இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். பிறகு படங்களோடு கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்குப் போய்க் காப்பாட்சியரிடம் பேசுங்கள். அவர்கள் எடுத்துக்கொள்ள முடியாததை உங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு சாமானிலும் அதன் பெயர், பயன், யார் வீட்டுடையது என்று எழுதிய அட்டையைக் கட்டியே கொடுங்கள்.