கலர் ஃபாஸ்ட் என்றால் சாயம் வேகமாகப் போகுமா?

கேள்வி: புதுச் சட்டையின் லேபிளில் ‘கலர் ஃபாஸ்ட்’ என்று இருக்கிறது. சாயம் சீக்கிரம் போய்விடும் என்ற எச்சரிக்கையா?

பதில்: நேர்மாறு. சாயம் கெட்டி என்று அர்த்தம். ‘ஃபாஸ்ட்’ என்ற சொல்லின் ஆதிப் பொருளே கெட்டி, உறுதி என்பதுதான். வேகம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. இறுக்கி மாட்டுவதை ‘ஃபாசன்’ என்பதும், அடித்துப்போட்டாற்போல் தூங்குவதை ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்பதும் அந்தப் பழைய பொருளில்தான். ‘ஹோல்ட் ஃபாஸ்ட்’ என்றால் சீக்கிரம் பிடி அல்ல, விடாமல் பிடி. உண்ணாநோன்புக்கும் இதே சொல்: மேற்கொண்ட கட்டுப்பாட்டில் உறுதியாக நிற்பது. அந்த நோன்பை முறிப்பதுதான் ‘பிரேக்ஃபாஸ்ட்’.

சாயத்தின் கெட்டியிலும் பல வகை உண்டு. சலவைக்கும் உராய்வுக்கும் 1 முதல் 5 வரையும், வெளிச்சத்துக்கு 1 முதல் 8 வரையும் தரம் போடுவார்கள். எண் கூடினால் கெட்டி. சலவையில் 5 வாங்கிய துணி வெயிலில் வெளுக்கலாம். எனவே லேபிளோடு நிறுத்தாதீர்கள். உட்புறத் தையல் ஓரத்தை நனைத்து, வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தச் சட்டையைத் தனியாகத்தான் துவைக்க வேண்டும்.

கேள்வி: ‘டெம்பர்’ என்றால் கோபம். கதவுக்குப் போடும் ‘டெம்பர்டு கிளாஸ்’ எப்படி வந்தது?

பதில்: ‘டெம்பர்’ என்பதைப் பதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், எல்லாம் விளங்கிவிடும். அளவறிந்து கலப்பது என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மனத்தின் பதம் தவறுவதுதான் ‘லூஸ் யுவர் டெம்பர்’. சிவக்கக் காய்ச்சிய எஃகை எண்ணெயில் முக்கினால் கடினமாகும்; ஆனால் ஓங்கித் தட்டினால் தெறித்துவிடும். கத்தி என்றால் அதை மறுபடி 200 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடாக்கி அந்தக் குணத்தைத் தணிப்பார்கள். அந்த இரண்டாம் சூட்டுக்குப் பெயர்தான் டெம்பரிங்.

கண்ணாடியில் செய்முறை வேறு. 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் காற்றை வேகமாக வீசிக் குளிர்விப்பார்கள். மேற்பரப்பு முதலில் இறுகிவிடும். உட்பகுதி பிறகு குளிர்ந்து சுருங்கும்போது மேற்பரப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். பலம் அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. அதைக் குலைத்தால் பலகை முழுவதும் சிறு துண்டுகளாக நொறுங்கும். அதனால் அளவு வெட்டுவது, கைப்பிடிக்குத் துளை போடுவது எல்லாம் டெம்பர் செய்வதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கேள்வி: கடனுக்கும் ‘சாங்ஷன்’, ஒரு நாட்டின் மீதும் ‘சாங்ஷன்’. எது சரி?

பதில்: இரண்டும். சட்டத்தால் உறுதிசெய்வது என்பது மூலப்பொருள். சட்டம் தரும் அனுமதியும் அது விதிக்கும் தண்டனையும் இரண்டு கிளைகள். பன்மையில் ‘சாங்ஷன்ஸ்’ என்று வந்து, பின்னால் ‘ஆன்’ அல்லது ‘அகைன்ஸ்ட்’ இருந்தால் தடை. வினைச்சொல்லாக வந்தால் எதைச் செய்கிறார்கள் என்று பாருங்கள்: செயலை என்றால் அனுமதி, ஆளை அல்லது நாட்டை என்றால் பெரும்பாலும் தண்டனை. நீங்கள் எழுதும்போது ‘அப்ரூவ்’ என்றே எழுதிவிடுங்கள்.

‘டேபிள்’ இதைவிட ஆபத்து. தீர்மானத்தை ‘டேபிள்’ செய்வது பிரிட்டனில் விவாதத்துக்கு எடுப்பது, அமெரிக்காவில் ஒத்திப்போடுவது. இரு நாட்டவருக்கும் போகும் கடிதத்தில் இந்தச் சொல்லே வேண்டாம்.

கேள்வி: ஒப்பந்தத்தில் வரும் ‘கன்சிடரேஷன்’, ‘எக்ஸிக்யூட்’ என்பவை?

பதில்: முதலாவது ‘பரிசீலனை’ அல்ல, மறுபயன், அதாவது ஒருவர் தரும் வாக்குறுதிக்கு ஈடாக மற்றவர் தருவது. ஆங்கிலேயச் சட்ட மரபில் அது மதிப்பில் சமமாக இருக்க வேண்டியதில்லை. ஒரு மிளகு மணிகூடப் போதும். ஆனால் அறவே இல்லாவிட்டால், முறைப்படி எழுதிக்கொடுத்த பத்திரமாக இருந்தாலொழிய, வெறும் வாக்குறுதி கட்டுப்படுத்தாது. ஆவணத்தை ‘எக்ஸிக்யூட்’ செய்வது அதில் முறைப்படி கையெழுத்திட்டுச் செல்லுபடியாக்குவது. அதில் சொன்ன வேலையைச் செய்து முடிப்பது என்று புரிந்துகொண்டால் தேதிகள் எல்லாம் குழம்பிவிடும்.

கேள்வி: மீன் கூட்டத்தை ஏன் ‘ஸ்கூல்’ என்கிறார்கள்?

பதில்: நம் ‘ஓடு’ போலத்தான், ஓடுவதற்கும் கூரை ஓட்டுக்கும் உறவில்லை. பள்ளி என்ற சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது, மீன் கூட்டம் டச்சு மொழியிலிருந்து. நல்ல அகராதிகளில் இத்தகைய சொற்களின் தலையில் 1, 2 என்று சிற்றெண் இருக்கும்.