கார்ட்டர் போட்ட கோடு

அன்புள்ள ஐயா,

நான் மருத்துவக் கல்லூரி முதலாண்டு மாணவி. ஹென்றி கிரே 31 வயதிலேயே அவ்வளவு பெரிய உடற்கூறியல் நூலை எப்படி எழுதினார்? யாரோ ஓவியரை வைத்துப் படம் போட்டிருக்கிறார். பழைய பதிப்பைப் படிக்கலாமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள மாணவிக்கு,

பரீட்சைக்குப் பழைய பதிப்பு உதவாது. கல்லூரியில் சொல்லும் புத்தகத்தையே படியுங்கள். அது சரி, ‘யாரோ ஓவியர்’ என்று எழுத எப்படி மனம் வந்தது? அதுவும் மதுரையில் இருந்துகொண்டு!

அவர் ஹென்றி வாண்டைக் கார்ட்டர். மருத்துவர். லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் கிரேயோடு சேர்ந்து பிணங்களை அறுத்தவர். பார்த்ததை அச்சுக்கான மரக்கட்டையில் இடவலம் மாற்றி வரைந்தவர். 1858-இல் வந்த முதல் பதிப்பில் 363 படங்கள். கைப்படம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். தசையின் பெயர் தசையின் மேலேயே இருக்கும். தமனி வளைகிற இடத்தில் எழுத்தும் கூடவே வளையும். பெயரைத் தேடிக் கண் பக்கத்தின் அடிக்கு ஓட வேண்டாம். அந்தப் புத்தகம் நின்றது இதனால்தான் என்பேன்.

இப்படி உடம்பு முழுக்கப் பெயர் எழுதியவரின் பெயரை, அச்சுக்கு முன் திருத்தப் பார்க்கும் மெய்ப்பில், சின்ன எழுத்தாக்கச் சொன்னார் கிரே. பம்பாய் கிரான்ட் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் என்றிருந்ததையும் அடித்துவிட்டார். கார்ட்டருக்குக் கிடைத்தது மொத்தமே 150 பவுண்டு பணம். கிரேக்கோ விற்கும் ஒவ்வோர் ஆயிரம் பிரதிக்கும் 150 பவுண்டு.

என் சித்தப்பா ஓர் ஆசிரியரின் விலங்கியல் நூலுக்காக ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தவளைப் படம் போட்டார். புத்தகத்தில் எங்கேயும் அவர் பெயர் இல்லை. சித்தப்பா பக்கத்தைப் புரட்டினார். ஒரு நரம்பின் மேல் விரலை வைத்து, “இந்த இடத்துல மை அடைச்சுக்கிச்சு” என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. எனக்கு அப்போது பத்து வயது. இன்னும் ஆறவில்லை.

கிரே கெட்டவர் இல்லை. பெரியம்மை கண்ட சகோதரன் மகனைப் பார்த்துக்கொள்ளப் போய், அதே நோயில் 1861-இல் 34 வயதில் இறந்தார். அந்த மனதை மதிக்கிறேன். ஆனாலும் மெய்ப்பில் அவர் அடித்த அந்தக் கோட்டை மன்னிக்க முடியவில்லை.

கார்ட்டர் அப்புறம் பம்பாயில் பல வருடங்கள் இருந்தார். வெறுங்காலோடு வயலில் இறங்குபவர்களின் பாதம் வீங்கி, புண்ணிலிருந்து மணி மணியாக உதிருமே, மதுரைக்கால், உங்கள் ஊர்ப் பெயரில் உள்ள நோய், அது பூஞ்சையால் வருகிறது என்று ஆராய்ந்து எழுதியவர் இவர். மைசிட்டோமா என்று பெயர் வைத்தவரும் இவரே.

அடுத்த கடிதத்தில் அவர் பெயரை முழுதாக எழுதுங்கள் அம்மா.