யூ.வி. விளக்கும் கதிருக்கு அஞ்சாத பற்றீரியாவும்

கேள்வி: வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருக்கிறோம். குடிநீர் வடிகட்டியில் யூ.வி. (புறஊதாக் கதிர்) விளக்கு உண்டு. உயர்தரம் படிக்கும் மகன், "கதிர்வீச்சிலும் சாகாத பற்றீரியா இருக்கு, இரும்பைப் பிடிக்கிற புரதம் அதைக் காப்பாற்றுது" என்கிறான். அப்படியென்றால் இந்த விளக்கை நம்பலாமா?

பதில்: தாராளமாக நம்பலாம். மகன் படித்ததும் சரிதான்.

அவர் சொல்வது டைனோகொக்கஸ் ரேடியோடியூரன்ஸ். 1956இல் அமெரிக்காவின் ஒரேகனில், கதிர்வீச்சுக் கொடுத்தும் கெட்டுப்போன ரின் இறைச்சியில் அகப்பட்டது. கதிர்வீச்சின் அளவைக் கிரே என்ற அலகால் சொல்வார்கள். 5 கிரே மனித உயிருக்கே ஆபத்து. இதுவோ 5,000 கிரேயைத் தாங்கும். காமாக் கதிர் கலத்திலுள்ள நீரை உடைக்கும்போது ஐதரசன் பரவொட்சைட்டும் உண்டாகிறது. அது கட்டற்ற இரும்பைச் சந்தித்தால் ஐதரொட்சில் மூலிகம் என்ற, மிகத் தீவிரமாகத் தாக்கும் துணிக்கை பிறக்கும். எதிர்ப்படும் புரதத்தையும் டீ.என்.ஏ.யையும் அது சிதைத்துவிடும். இங்கேதான் டிபிஎஸ் என்ற புரதம் வருகிறது. பன்னிரண்டு துணையலகுகள் சேர்ந்த பொள்ளான கோளம் அது. இரும்பை உள்ளே இழுத்து, அந்தப் பரவொட்சைட்டைக் கொண்டே ஒட்சியேற்றி, துருப்போலச் சேமித்துவிடும். ஆபத்தான இரண்டும் ஒன்றாகவே தீர்ந்துபோகின்றன. எத்தனை தரம் படித்தாலும் எனக்கு வியப்பூட்டும் வேதியியல் இது. டைனோகொக்கசில் இதற்கு மேலாக மங்கனீசும் நிறைய உண்டு. அதன் சிறு சேர்வைகள் புரதங்களைக் காக்க, அப்புரதங்கள் உடைந்த டீ.என்.ஏ.யை மறுபடி பொருத்துகின்றன.

குடலில் வாழும் ஈ.கோலை பற்றீரியாவிடமும் டிபிஎஸ் உண்டு. உணவு தீர்ந்த வேளையில் அதைக் கூடுதலாகச் செய்துகொள்ளும். ஆனால் உங்கள் விளக்கின் 254 நனோமீற்றர் ஒளி இரும்பை நம்பி வேலை செய்வதில்லை. நேரே டீ.என்.ஏ.யில் விழுந்து, அதன் அடிப்படை அலகுகளில் ஒன்றான தைமீன் அடுத்தடுத்து இருக்கும் இடங்களில் அவற்றை ஒட்டவைத்துவிடுகிறது. இரும்புக் காவல் அங்கே பெரிதாக உதவாது. டைனோகொக்கஸ் யூ.வி.யையும் ஓரளவு தாங்கும்தான். ஆனால் அது நோய் உண்டாக்கும் கிருமி அல்ல.

நீங்கள் கவனிக்க வேண்டிய இரும்பு தண்ணீரில் இருக்கிறது. அம்பத்தலை நீர்சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வரும் குளோரின் கலந்த குழாய்நீரை விட, குழாய்க்கிணற்று நீர் கலக்கும் தொடர்மாடிகளில் இந்தத் தொல்லை அதிகம். விளக்கைச் சுற்றியுள்ள குவாட்ஸ் உறையில் பழுப்புப் படிவு ஏறினால் ஒளி நீருக்குள் போகாது. மின்னிணைப்பைத் துண்டித்து, உறையைக் கழற்றி, வினாகிரியில் நனைத்த மென்துணியால் துடையுங்கள். எரியும் விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது. நீல ஒளி தெரிகிறதே என்று பழைய விளக்கை வைத்திருக்கவும் வேண்டாம். ஏறக்குறைய 9,000 மணித்தியாலத்தில், அதாவது தொடர்ந்து எரிந்தால் ஓராண்டில், அதன் வலு குறைந்துவிடும். நீர் கலங்கலாக வந்தால் அன்றைக்குக் கொதித்தாறிய நீரையே குடியுங்கள். வடிகட்டிய நீரைப் போத்தலில் நாட்கணக்கில் வைக்காதீர்கள். குளோரினைப் போல யூ.வி. நீரில் தங்கிநின்று காப்பதில்லை.