பால்சா விமானத்தின் இறக்கை ஏன் முறுக்கிக்கொள்கிறது?

பால்சா என்ற லேசான மரத்தில் செய்த மாதிரி விமானத்தில், டிஷ்யூ காகிதம் ஒட்டித் தண்ணீர் தெளித்த இறக்கை, காய்ந்ததும் முறுக்கிவிட்டது, மரம் மோசமா என்று கேட்கிறீர்கள்.

மரத்தின் மேல் பழி போடாதீர்கள். நனைந்த காகிதம் காயும்போது சுருங்கி இழுக்கும். பால்சா கன மீட்டருக்குச் சுமார் 160 கிலோதான். மெல்லிய சட்டம் அந்த இழுப்புக்கு வளைந்து கொடுத்துவிடும். மேலும் கீழும் ஒரே சீராகக் காயாவிட்டால் போச்சு.

அடுத்த முறை, தெளித்தவுடன் இறக்கையைச் சமமான பலகையில் குண்டூசி குத்தி அசையாமல் நிறுத்துங்கள். அடியில் காற்றுப் போகச் சிறு துண்டுகளை முட்டுக் கொடுத்து ராத்திரி முழுக்க விடுங்கள்.

இப்போதைய இறக்கையையும் காப்பாற்றலாம், தூக்கிப் போட வேண்டாம். கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் காட்டி, எதிர்ப்பக்கமாகச் சற்று அதிகமாகவே முறுக்கி, ஆறும்வரை பிடித்திருங்கள். பிறகு ஒரு கண்ணை மூடிப் பின்புறமிருந்து பாருங்கள். பின்விளிம்பு நூல் பிடித்தாற்போல் தெரிய வேண்டும்.