ஹனுக்காவும் எண்ணெய்க் கதையும்

அன்புள்ள சார்,

டிசம்பர் வந்தால் ஹனுக்கா வாழ்த்துகள் கண்ணில் படுகின்றன. 'யூதர்களின் தீபாவளி' என்கிறார்கள். ஒருநாள் எண்ணெய் எட்டு நாள் எரிந்ததாம். உண்மையில் இது எப்படி வந்த பண்டிகை?

வாசகர் ஒருவர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

விளக்கு ஏற்றுகிறார்கள் என்பதைத் தவிர தீபாவளிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எண்ணெய்க் கதையும் பிற்பாடு வந்து சேர்ந்ததுதான்.

கி.மு. 167-இல் சிரியாவை ஆண்ட கிரேக்க வம்சமான செலூக்கியரின் அரசன் நான்காம் அந்தியோக்கு, யூதர்கள் ஓய்வுநாள் அனுசரிக்கவும் விருத்தசேதனம் செய்யவும் தடை போட்டு, எருசலேம் ஆலயத்தைக் கிரேக்கக் கடவுளுக்கு ஆக்கிவிட்டான். மோதயின் என்ற ஊருக்கும் அரசனின் ஆள் வந்து கிரேக்கக் கடவுளுக்குப் பலியிடச் சொல்கிறான். மத்தத்தியா என்ற குரு முடியாது என்கிறார். அதற்குள் இன்னொரு யூதர் பலியிட முன்னால் வர, மத்தத்தியா பாய்ந்துபோய் முதலில் வெட்டுவது அவரைத்தான், அப்புறம்தான் அரசனின் ஆளை. இங்கே தொடங்கிய கலகத்தை அந்நியனை எதிர்த்த போர் என்று மட்டும் சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

மகன் யூதா மக்கபே கி.மு. 164-இல் ஆலயத்தை மீட்டு, தீட்டுப்பட்ட பலிபீடத்தை இடித்துப் புதிதாகக் கட்டி, யூத நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் தேதி தொடங்கி எட்டு நாள் விழா எடுத்தார். ஏன் எட்டு? மலைகளில் ஒளிந்து திரிந்ததால் எட்டு நாள் நடக்கும் கூடாரப் பண்டிகையை முறையாகக் கொண்டாட முடியவில்லை, அதன் சாயலில் இதைக் கொண்டாடினார்கள் என்கிறது இந்தக் கலகத்தின் கதையைச் சொல்லும் மக்கபேயர் இரண்டாம் நூல். எண்ணெய் அற்புதம் முதல் நூலிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. தலைமைக் குருவின் முத்திரையோடு ஒரே ஒரு எண்ணெய்க் குப்பி கிடைத்த கதை, சில நூற்றாண்டுகள் கழித்துத் தொகுக்கப்பட்ட பாபிலோனியத் தல்மூது என்ற யூதச் சட்ட விளக்கத் தொகுப்பில்தான் வருகிறது.

மக்கபேயர் வம்சம் பிறகு அரச குடும்பமாகி, அண்ணன் தம்பி பதவிச் சண்டையில் கி.மு. 63-இல் ரோமத் தளபதி பாம்பேயை உள்ளே விட்டது. கி.பி. 70-இல் ரோமர்கள் ஆலயத்தையே அழித்தார்கள். 132-இல் தொடங்கிய இன்னொரு கிளர்ச்சியும் ரத்தத்தில் முடிந்தது. இவ்வளவும் பட்ட ரபிகள் என்ற யூத மத அறிஞர்கள் வாளைப் பின்னால் தள்ளி விளக்கை முன்னால் வைத்தார்கள் என்று சில அறிஞர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

விளக்கிலும் சர்ச்சை உண்டு. முதல் நாள் எட்டு ஏற்றித் தினமும் ஒன்றைக் குறை என்றது ஷம்மாய் என்ற பழைய யூத அறிஞரின் மரபு. ஒன்றில் தொடங்கிக் கூட்டு என்றது அவர் காலத்து இன்னோர் அறிஞரான ஹில்லேலின் மரபு. இன்று நடப்பது ஹில்லேல் சொன்னது. இந்த வெளிச்சத்தில் படிக்கவோ வேலை செய்யவோ கூடாது, தெருவில் போகிறவர் பார்க்க ஜன்னலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மற்ற எட்டையும் ஏற்றுவதற்கென்றே ஒன்பதாவதாக ஒரு திரி. பலகாரம் எல்லாம் எண்ணெயில் பொரித்ததுதான்.

மத முறைப்படி இது சிறிய பண்டிகை. வேலைக்குப் போகலாம். கிறிஸ்துமஸுக்குப் பக்கத்தில் வருவதால் அமெரிக்காவில் பெரிதாகிவிட்டது.

மக்கபேயர் நூல்கள் யூதர்களின் வேதத்தில் இல்லை என்பது வேடிக்கை. காப்பாற்றி வைத்தது கிறிஸ்தவர்கள். கத்தோலிக்க நண்பர் யாராவது இருந்தால் அவர்களுடைய தமிழ் பைபிளை வாங்கி முதல் நூலின் நான்காம் அதிகாரத்தைப் படியுங்கள், சாதாரணமாகக் கடைகளில் கிடைக்கும் புராட்டஸ்டண்ட் பதிப்பில் அது இருக்காது.