எந்தக் கையேட்டை நம்புவது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

நீங்கள் பெரும்பாலும் நாவல்களைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள். என் கேள்வி வேறு வகைப் புத்தகங்களைப் பற்றியது. முதலுதவிக் கையேடு, வீட்டு மருத்துவ வழிகாட்டி, சட்ட விளக்கம், சேமிப்பு, தோட்டம், பறவைகள், அகராதி என்று எதைக் கண்டாலும் ‘இது வீட்டில் இருக்க வேண்டிய புத்தகம்’ என்று வாங்கிவிடுகிறேன். அலமாரி நிறைந்துவிட்டது. ஆனால் தேவைப்படும்போது தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. அண்மையில் என் மகள் கையில் கொதிநீர் கொட்டிவிட்டது. இரண்டு புத்தகங்களைத் திறந்தேன். ஒன்று பனிக்கட்டி வைக்கச் சொன்னது, மற்றது வைக்கவே கூடாது என்றது. இரண்டையும் மூடிவிட்டு மருத்துவரிடம் ஓடினோம்.

துறை தெரியாத என்னைப் போன்றவர்கள் இந்தப் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது? பழைய பதிப்புகளை வைத்துக்கொள்ளலாமா? எல்லாம் கைபேசியில் கிடைக்கும்போது இவை வேண்டுமா?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

மகள் இப்போது நலமாக இருப்பாள் என்று நம்புகிறேன். முதலில் அந்தப் பனிக்கட்டி விஷயத்தை முடித்துவிடலாம். இரண்டாவது புத்தகம் சொன்னதுதான் சரி. சுட்ட இடத்தில் குளிர்ந்த குழாய்நீரை ஏறக்குறைய 20 நிமிடம் ஓடவிட வேண்டும். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதுவும் கூடாது. பனிக்கட்டி ஏற்கெனவே சேதமான தோலை இன்னும் சேதப்படுத்தும். மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். குழந்தை என்பதால் மருத்துவரிடம் காட்டியது மிகச் சரி.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் புத்தகங்களைப் பொருள் பார்த்து வாங்குகிறீர்கள். ‘மருத்துவம் ஒன்று, சட்டம் ஒன்று’ என்ற கணக்கில் அலமாரி நிறைகிறது. கதை படிப்பவருக்கு இந்த முறை போதும். ஆனால் தேடிப் பார்ப்பதற்கென்றே எழுதப்பட்ட நூலை நம் கேள்வியை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கையில் எடுத்ததும் முன்னுரையைப் புரட்டாதீர்கள். உங்களிடம் உள்ள ஒரு கேள்வியை அதனிடம் கேளுங்கள். அதிலும் முதல் கேள்வி உங்களுக்கு விடை தெரிந்த கேள்வியாக இருக்கட்டும். நீங்கள் தையல் வேலை செய்பவர் என்றால் கலைக்களஞ்சியத்தில் தையல் இயந்திரம் என்ற பதிவைப் படியுங்கள். கணக்காளர் என்றால் சேமிப்பு நூலில் கூட்டுவட்டி எப்படி விளக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தெரிந்த இடத்தில் நூல் தடுமாறினால், தெரியாத இடத்தில் அதை நம்ப எந்தக் காரணமும் இல்லை. துறை தெரியாதவன் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஏதோ ஒரு துறை தெரியும். பெரிய கலைக்களஞ்சியங்களைக்கூட அந்த ஒரு ஜன்னல் வழியாக எடைபோட்டுவிடலாம்.

மருத்துவத்தில் விடை தெரிந்த கேள்வி இல்லையே என்பீர்கள். ஒன்றைத் தருகிறேன். எந்த முதலுதவிப் புத்தகத்தை எடுத்தாலும் பாம்புக்கடி பகுதிக்குப் போங்கள். கடிவாயைக் கீறு, வாயால் உறிஞ்சு, மேலே கயிற்றால் இறுகக் கட்டு என்று இருந்தால் மூடி வைத்துவிடலாம். இவை பலன் தராதவை, தீங்கும் செய்பவை என்று கைவிடப்பட்டு வெகுகாலம் ஆகிறது. கடிபட்டவரை அமைதிப்படுத்தி, கடிபட்ட கை அல்லது காலை அசையாமல் வைத்து, விரைவாக மருத்துவமனைக்குக் கொண்டுபோ என்பதே இன்றைய அறிவுரை. இன்னொரு அடையாளமும் உண்டு. இதயம் நின்றுபோனவருக்குச் செய்யும் உயிர்ப்பு முதலுதவியில், முன்பு மூச்சுப்பாதையைத் திறந்து, மூச்சுக் கொடுத்து, அதன் பிறகே மார்பை அழுத்தச் சொன்னார்கள். 2010இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வரிசையை மாற்றி, மார்பழுத்தத்தை முதலில் வைத்தது. உங்கள் புத்தகத்தில் பழைய வரிசை இருக்கிறதா என்று பார்த்தால் அதன் வயது தெரிந்துவிடும்.

அட்டையில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து நூலின் வயதைச் சொல்ல முடியாது. தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் உள்ள பதிப்பு விவரத்தைப் படியுங்கள். ‘மறுஅச்சு’ என்றால் பழைய பக்கங்களே மீண்டும் அச்சாகியிருக்கின்றன. ‘திருத்திய பதிப்பு’ என்றால் யாரோ உட்கார்ந்து திருத்தியிருக்கிறார்கள், அல்லது திருத்தியதாகச் சொல்கிறார்கள். என்ன மாறியது என்று முன்னுரையில் எழுதியிருந்தால் அந்தப் பதிப்பாளர் மீது எனக்கு மரியாதை வரும். நிலப்படத் தொகுதி வாங்கும்போது வேலை சுலபம். ஆப்பிரிக்கப் பக்கத்தைத் திறந்து தெற்கு சூடான் தனி நாடாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது 2011 ஜூலைக்கு முந்தைய படம். வானியல் நூலில் புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருந்தால், உள்ளடக்கம் 2006க்கு முந்தையது.

இதில் நான் ஏன் இவ்வளவு கண்டிப்பாக இருக்கிறேன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் 1946இல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு கையேடு எழுதினார். உலகில் மிக அதிகமாக விற்ற நூல்களில் அதுவும் ஒன்று. பெற்றோரை மிரட்டாமல், உங்கள் அறிவை நம்புங்கள் என்று பேசிய அருமையான நூல். அதன் 1950களின் பிற்பகுதிப் பதிப்பில், குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பது நல்லது, மல்லாந்து படுத்தால் வாந்தி எடுக்கும்போது மூச்சு அடைக்கலாம் என்று எழுதினார். கேட்டால் நியாயமாகத்தான் படும். ஆனால் குப்புறப் படுக்கும் கைக்குழந்தைகள் தூக்கத்திலேயே திடீரென்று இறக்கும் வாய்ப்பு அதிகம் என்பது பின்னர் ஆய்வுகளில் தெரிந்தது. 1990களில் பல நாடுகள் குழந்தையை மல்லாந்து படுக்க வையுங்கள் என்று இயக்கம் நடத்தின. அமெரிக்காவில் அத்தகைய மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. நல்ல மருத்துவர், நல்ல நோக்கம், நல்ல நடை எல்லாம் இருந்தும் அந்தப் பத்தி தவறு. அந்தப் பதிப்பு எந்த வீட்டு அலமாரியிலும் இன்று வழிகாட்டியாக இருக்கக் கூடாது.

அதற்காகப் பழைய புத்தகம் எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டியதில்லை. மருத்துவம், சட்டம், வரி, கணினி ஆகியவை சீக்கிரம் மூப்படைகின்றன. இலக்கணம், மரவேலை, தையல், வடிவியல் போன்றவற்றில் அறுபது வருடப் பழைய நூல் இன்றைய நூலைவிட மேலாக இருக்கலாம். வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கான விண்மீன் வரைபடமும் அப்படித்தான், ஒரு தலைமுறைக்கு முந்தையதும் இன்று வேலை செய்யும்.

அகராதியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் அதில் உள்ளன. சங்கப் பாடலோ கம்பனோ படிக்கும்போது அதைத் திறக்காமல் என்னால் முடியாது. இன்றைய நாளிதழில் வரும் ஒரு சொல்லை எப்படிக் கையாள்வது என்ற கேள்வியை அதனிடம் கேட்டால் அது பேசாது. அதற்கு 1992இல் முதலில் வந்து, பிறகு விரிவாக்கப்பட்ட க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வேண்டும். அது ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிறது. எது சிறந்த அகராதி என்று என்னைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, என்ன படிக்கிறீர்கள் என்பதைத்தான். பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும் இப்படியே அணுகலாம். மக்கள்தொகை எவ்வளவு என்று அதில் தேடக் கூடாது. ஆனால் ஓர் அறிவியல் கருத்தைக் கலப்பில்லாத எளிய தமிழில் எப்படி விளக்குவது என்று கற்க இன்றும் அதைவிட நல்ல இடம் குறைவு.

அப்புறம், புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள். தேடிப் பார்க்கும் நூலில் பொருளடைவு, அதாவது சொற்களை அகர வரிசையில் பக்க எண்ணோடு தரும் பட்டியல், இல்லையென்றால் அது அந்த வகை நூலே இல்லை. இருந்தால் மட்டும் போதாது, நம் சொல்லில் இருக்க வேண்டும். பதற்றத்தில் இருப்பவர் நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் என்றுதான் தேடுவார். அடைவில் நோயின் மருத்துவப் பெயர்கள் மட்டும் இருந்தால், அந்த நோய் இன்னதென்று தெரிந்தவருக்கு மட்டுமே புத்தகம் திறக்கும். உங்கள் அலமாரியில் தேடியது அகப்படாததற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த இடத்தில் ரோஜர் டோரி பீட்டர்சனைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1934இல் அவர் வெளியிட்ட பறவைக் கையேடு இந்தத் துறையையே மாற்றியது. தூரத்தில் ஒரு கிளையில் சில நொடிகள் மட்டும் அமரும் பறவையைப் பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்று அவர் யோசித்தார். ஒத்த பறவைகளை ஒரே பக்கத்தில் வரைந்து, ஒன்றிலிருந்து மற்றதைப் பிரிக்கும் அடையாளத்தின் மீது மட்டும் சிறு அம்புக்குறி இட்டார். இறகின் முழு வருணனை நிபுணருக்குத் தேவை. வாசலில் நிற்பவருக்கு அந்த ஒரு குறி போதும். எந்தக் கையேட்டை எடுத்தாலும், நான் குழம்பக்கூடிய இடம் இதன் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

நூலை மதிப்பிட நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. நன்னூலில் பவணந்தி முனிவர் நூலுக்குப் பத்துக் குற்றம் சொல்கிறார். குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல் என்று தொடங்கும் பட்டியல். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்திருப்போம். இன்றைய வழிகாட்டி நூல்களை வைத்து அதை மறுபடி படித்துப் பாருங்கள், ஆச்சரியப்படுவீர்கள். சேமிப்பைப் பற்றிய நூல் ஆசிரியரின் வெற்றிக் கதையாக நீண்டால் அது மற்றொன்று விரித்தல். ஒரே கருத்தைப் பன்னிரண்டு அத்தியாயமாக இழுத்தால் கூறியது கூறல். எனக்கு மிகவும் பயன்படுவது சென்று தேய்ந்து இறுதல். இத்தகைய நூல்களில் முதல் இரண்டு அத்தியாயங்கள் கவனமாக எழுதப்பட்டிருக்கும். போகப் போகப் பக்கத்துக்குப் பக்கம் உழைப்பு மெலியும். ஆகவே வாங்குவதற்கு முன் முக்கால் பங்கு தாண்டி ஒரு பக்கத்தைத் திறந்து முழுதாகப் படியுங்கள். அங்கும் எடுத்துக்காட்டு, படம், எண்கள் எல்லாம் அதே அக்கறையோடு இருந்தால் தயங்காமல் வாங்கலாம்.

எல்லாவற்றையும்விட நான் முக்கியமாக நினைப்பது, ‘இதற்கு மேல் இந்தப் புத்தகம் போதாது’ என்று அந்த நூலே சொல்கிறதா என்பது. எத்தனை நாள் காய்ச்சல் நீடித்தால் மருத்துவரிடம் போக வேண்டும், எந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் கையெழுத்துப் போடக் கூடாது, எந்த மின்வேலையை நாம் தொடவே கூடாது என்று எழுதாத வழிகாட்டி பாதி வழிகாட்டிதான். முன்னுரையில் சம்பிரதாயமாக ஒரு வரி போட்டுவிட்டால் கணக்கில் வராது. ஒவ்வொரு பகுதியிலும், தேவைப்படும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

காளான் கையேடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அமனிடா ஃபலாய்டிஸ் என்ற நச்சுக் காளானைத் தின்றவருக்குப் பல மணி நேரம் ஒன்றும் தெரியாது. பிறகு வயிற்றுப்போக்கு வரும், சற்றுத் தேறியது போலவும் இருக்கும், அதன் பின் கல்லீரல் செயலிழக்கும். அதனால் நல்ல காளான் நூல் ஒவ்வொரு உண்ணத்தக்க காளானுக்கும் எதிரே அதைப் போலவே தோன்றும் நச்சுக் காளானைக் காட்டும். சந்தேகம் இருந்தால் தொடாதே என்று பக்கந்தோறும் சொல்லும். 2023இல் செயற்கை நுண்ணறிவு எழுதியதாகத் தோன்றிய காளான் கையேடுகள் இணையத்தில் விற்பனைக்கு வந்தபோது, நியூயார்க் காளானியல் சங்கம் வெளிப்படையாக எச்சரிக்க வேண்டியிருந்தது. ஆகவே ஆசிரியர் யார், அந்தத் துறையில் வேறு என்ன செய்திருக்கிறார், யார் சரிபார்த்தார்கள் என்று பாருங்கள். இந்த விவரங்கள் எங்குமே கிடைக்கவில்லை என்றால், உயிரும் பணமும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் அந்த நூல் வேண்டாம்.

கைபேசி பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒரு ஊரின் தொலைவு, ஒரு சட்டத்தின் இன்றைய நிலை, நேற்று மாறிய வரி விகிதம் இவற்றுக்கு இணையம்தான் சரி. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியமே 2012இல் அச்சை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. பெரிய கலைக்களஞ்சியத் தொகுதிகளை வீட்டுக்கென்று வாங்க வேண்டாம், நூலகத்தில் பாருங்கள். ஆனால் என்ன கேட்க வேண்டும் என்றே தெரியாத நிலையில், ஒரு துறையை முதலிலிருந்து வரிசையாகக் காட்டுவதற்கு ஒருவர் நிதானமாக எழுதிய நூல் வேண்டும். வீட்டில் ஒரு நல்ல அகராதி, ஒரு நிலப்படத் தொகுதி, அண்மைப் பதிப்பாக ஒரு முதலுதவிக் கையேடு, அப்புறம் உங்களுக்கு உண்மையிலேயே ஆசை உள்ள துறையில் ஒன்றிரண்டு. சரி, இது போதும்.

முதலுதவிக் கையேட்டை மட்டும் அவசரம் வருவதற்கு முன் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படியுங்கள். பனிக்கட்டி வைக்கச் சொன்ன அந்தப் புத்தகத்தை நூலகத்துக்கோ நண்பருக்கோ கொடுத்துவிட வேண்டாம். அது இன்னொரு வீட்டில் இன்னொரு குழந்தைக்காகத் திறக்கப்படும். பழைய காகிதத்தோடு போடுங்கள்.

அன்புடன்.